கணக்கு முடியாத அரண்மனை

அந்த ஊரின் பெயரைத் தமிழில் சரியாக எழுத முடியாது. நாக்கின் அடிப்பகுதியும் உதடுகளும் ஒரே கணத்தில் சேர்ந்து விலகிப் பிறக்கும் ஒலியில் தொடங்குகிறது அந்தப் பெயர். 'க்பாடோலிட்டே' என்று எழுதிப் பார்த்தேன். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்கிறது நன்னூல். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்ற கர்வம் அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம். பேனாவை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, ஒரு பெயருக்கா இவ்வளவு நேரம்?" என்றார் மூத்த உதவி ஆசிரியர். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "மெய்யை எடுத்துடு. பாடோலிட்டேன்னு போடு. வாசகன் வாய் சுளுக்காம இருக்கட்டும்."

இது நடந்தது 2004ல். ஒரு வார இதழின் தமிழ்ப் பதிப்பில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். காலையில் மேஜைக்கு வரும் ஆங்கிலக் கட்டுரை மாலைக்குள் தமிழாகிவிட வேண்டும். அன்று வந்தது, பதவியில் இருந்தபோது நாட்டுப் பணத்தைச் சுருட்டிய தலைவர்களைப் பற்றிய கட்டுரை. டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனல் அமைப்பு அந்த ஆண்டு ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. முதலிடம் இந்தோனேசியாவின் சுஹார்த்தோவுக்கு. இரண்டாமிடம் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸுக்கு. மூன்றாமிடம் ஜைரின் மொபுட்டு செசெ செகோவுக்கு. அவர் எடுத்ததாக மதிப்பிடப்பட்ட தொகை 500 கோடி டாலர். (நாட்டின் பெயரை 'ஜயர்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அச்சில் அது 'ஐயர்' ஆகிவிடும் அபாயம் இருந்ததால் அதையும் திருத்தினார்கள்.)

கட்டுரையின் ஒரு பத்தி, மொபுட்டு காட்டுக்கு நடுவே கட்டிய அரண்மனையைப் பற்றியது. 1997ல் அவர் தப்பி ஓடிய பிறகு சிப்பாய்களும் ஊர்க்காரர்களும் உள்ளே புகுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துச் சென்றார்கள். நான் எழுதியிருந்தது இப்படி: 'மொபுட்டு 500 கோடி டாலர் அளவுக்கு நிதி முறைகேடுகளில் ஈடுபட்டார். பின்னர் பொதுமக்கள் அவரது அரண்மனையைக் கொள்ளையடித்தனர்.'

மூத்தவர் இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டார். "500 கோடி டாலர் எடுத்தவன் முறைகேடு செஞ்சான். கதவைக் கழட்டிட்டுப் போனவன் கொள்ளையடிச்சான். எந்த ஊர் நியாயம்யா இது?"

இங்கிலீஷில் அப்படித்தான் இருக்கிறது சார் என்றேன். "இங்கிலீஷ்ல இருக்கட்டும். நீ எழுதறது தமிழ்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு சொற்களையும் இடம் மாற்றினேன். அன்றிலிருந்து அந்த ஊர் என்னை விடவில்லை. அதைப் பற்றி என்ன அகப்பட்டாலும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்வதுதானே மொழிபெயர்ப்பாளனின் தொழில்.

மொபுட்டுவும் எங்கள் தொழிலில் இருந்தவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1930ல் பெல்ஜியக் காங்கோவின் லிசாலாவில் பிறந்தவர். தந்தை சமையல்காரர். மொபுட்டு காலனி ராணுவத்தில் ஏழு ஆண்டுகள் இருந்தார். 1956ல் வெளியே வந்து பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். ஒரு வார இதழின் ஆசிரியராகவும் இருந்தார். அங்கேயே உட்கார்ந்திருந்தால் காங்கோவுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. முதல் பிரதமர் பட்ரீஸ் லுமும்பா, தன் நம்பிக்கைக்குரிய மொபுட்டுவை ராணுவத் தலைமைக்குக் கொண்டுவந்தார். செப்டம்பரில் மொபுட்டு அவரையே முடக்கினார். அப்போது காங்கோவில் ஐ.நா. பொதுச் செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்தவர் இந்தியரான ராஜேஷ்வர் தயாள். மொபுட்டுவின் ஆட்கள் அவரை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் விலக நேர்ந்தது. 1961 ஜனவரி 17 அன்று லுமும்பா சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக்கூட விட்டுவைக்கவில்லை, அமிலத்தில் கரைத்தார்கள். 1965 நவம்பரில் மொபுட்டு முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். அதன் பிறகு ஏறக்குறைய 32 ஆண்டுகள் அவர்தான் நாடு.

எதையும் பெயரிலிருந்து தொடங்கும் மனிதர் அவர். 1971ல் நாட்டின் பெயரை ஜைர் என்று மாற்றினார். ஆப்பிரிக்க அடையாளத்தை மீட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வைத்த பெயர், உள்ளூர்ச் சொல் ஒன்று போர்த்துகீசியர் வாயில் பட்டுத் திரிந்தது. கிறிஸ்தவப் பெயர்களை விடச் சொன்னார். கோட்டும் டையும் கூடாது என்றார். சிறுத்தைத் தோல் தொப்பியும் கைத்தடியும் அவரது அடையாளங்கள் ஆயின. மாலைச் செய்திக்கு முன் அரசுத் தொலைக்காட்சியில் அவரது உருவம் மேகங்களுக்கு நடுவிலிருந்து இறங்கி வரும். 1974ல் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய குத்துச்சண்டையைக் கின்ஷாசாவுக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கு 50 லட்சம் டாலர் பரிசு. சண்டையை உலகமே பார்த்தது. பணம் யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பனிப்போர்க் காலத்தில் வாஷிங்டனுக்கு அவர் தேவைப்பட்டார். 1978ல் சர்வதேச நிதியம் ஜைரின் மத்திய வங்கிக்கு எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மன் அதிகாரியை அனுப்பியது. இந்த நாட்டுக்குக் கொடுத்த கடன் திரும்பி வர வழியே இல்லை என்ற கருத்துடன் அவர் அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகும் கடன் போய்க்கொண்டுதான் இருந்தது. 1989ல் ஜார்ஜ் புஷ் பதவியேற்ற பிறகும் வெள்ளை மாளிகை மொபுட்டுவை வரவேற்றது.

பாடோலிட்டே அவரது பூர்வீகக் கிராமம். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் எல்லையான உபாங்கி நதிக்குப் பக்கத்தில், வடக்குக் காட்டில் இருக்கிறது. மண் வீடுகள் இருந்த அந்த இடத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒரு நகரம் முளைத்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள விமான ஓடுபாதை போடப்பட்டது. மொபுட்டு வாடகைக்கு எடுக்கும் கான்கார்ட் விமானம் இறங்குவதற்கு அந்த நீளம் வேண்டியிருந்தது. உபாங்கியில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். ஐந்து நட்சத்திர ஹோட்டல், மருத்துவமனை, குளிர்பான ஆலை எல்லாம் வந்தன.

ஊரிலும், பக்கத்தில் காவேலே என்ற குன்றிலும் அரண்மனைகள் எழுந்தன. இத்தாலியச் சலவைக்கல், சரவிளக்குகள், அடுக்கடுக்கான நீச்சல் குளங்கள். சீனப் பாணியில் பகோடாக்கள் தனியே. விருந்தாளிகளுக்கு இளஞ்சிவப்பு ஷாம்பெயின். 1989 ஜூனில் அங்கோலா அதிபர் தோஸ் சாந்தோஸும் எதிரணித் தலைவர் சாவிம்பியும் உலகத் தலைவர்கள் முன்னிலையில் கைகுலுக்கியது இங்கேதான். அந்தச் சமாதானம் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை.

'காட்டுக்குள் ஒரு வெர்சாய்' என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. யாரும் திட்டமிடாத ஒரு பொருத்தமும் அதில் இருந்தது. 1977ல் இறந்து பாடோலிட்டேயில் அடக்கம் செய்யப்பட்ட மொபுட்டுவின் முதல் மனைவியின் பெயர் மேரி அன்டோய்னெட்.

1990க்குப் பிறகு பனிப்போர் முடிந்தது. மொபுட்டுவின் தேவையும் முடிந்தது. சம்பளம் வராத சிப்பாய்கள் 1991லும் 1993லும் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள். அவர் பெரும்பாலும் காட்டரண்மனையிலேயே இருந்தார். 1997 மே 16 அன்று, லோரான் கபிலாவின் படை தலைநகரை நெருங்கியபோது, புற்றுநோயால் தளர்ந்திருந்த மொபுட்டு பாடோலிட்டேக்கு ஓடினார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்தும் கிளம்பினார். இந்த முறை கான்கார்ட் இல்லை, சரக்கு விமானம். கைவிடப்பட்ட அவரது சொந்தச் சிப்பாய்களே ஆத்திரத்தில் அதை நோக்கிச் சுட்டார்கள். டோகோவுக்குப் போய், பிறகு மொராக்கோ சேர்ந்து, செப்டம்பர் 7 அன்று ரபாத்தில் இறந்தார். அங்கேயே புதைக்கப்பட்டார்.

அதன் பிறகுதான் நான் 'கொள்ளை' என்று எழுதிய காரியம் நடந்தது. கதவு, ஜன்னல், குழாய், கம்பி, சலவைக்கல் என்று எல்லாம் பெயர்த்து எடுக்கப்பட்டன. 1999ல் ழான்-பியேர் பெம்பாவின் போராளிகள் பாடோலிட்டேயைத் தங்கள் தலைமையிடம் ஆக்கிக்கொண்டார்கள். போர் ஓய்ந்தபோது சுவர்கள் மட்டும் மிச்சம். இப்போது வரும் புகைப்படங்களில் நீச்சல் குளங்கள் வறண்டு கிடக்கின்றன. கூரை திறந்த கூடங்களில் செடிகொடிகள் ஏறுகின்றன. சுவரெல்லாம் கிறுக்கல்கள். நகருக்குள் பாதியில் நின்ற அரண்மனையின் கான்கிரீட் தூண்களுக்கு இடையே குடும்பங்கள் குடியிருந்திருக்கின்றன, துணி காய்ந்திருக்கிறது.

பல ஆண்டுகள் என் கருத்து ஒன்றுதான்: விழட்டும். திருடிய பணத்தில் எழுந்த சுவரைக் காடு தின்றால் அதைவிட நல்ல தீர்ப்பு எது? ஒருவர் வீட்டில் அந்தச் சலவைக்கல் துணி துவைக்கும் கல்லாகியிருந்தால் நல்லதுதான். உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழைய கட்டிடம் என்றாலே பாதுகாக்க வேண்டும் என்று உருகுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கருத்து மாறியதற்குக் காரணம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த ஓர் இளம் பெண். மொபுட்டு தப்பி ஓடிய ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர். ஒரு நாள் பாடோலிட்டே படங்கள் என் திரையில் இருந்தன. எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா இருந்திருக்கும், இல்ல சார்? இப்படி நாசம் பண்ணிட்டாங்களே" என்றார்.

யார் நாசம் செய்தது என்று கேட்டேன். "ஜனங்கதான். அவர் இருந்தவரைக்கும் அங்க கரண்ட், வேலை எல்லாம் இருந்ததாமே. படிச்சேன் சார்."

அவர் படித்தது பொய் அல்ல. பாடோலிட்டேக்குப் போகும் நிருபர்களிடம் ஊர்க்காரர்கள் பலர் சொல்வது அதையேதான். அப்போது விளக்கு எரிந்தது. மருத்துவமனையில் மருந்து இருந்தது. தோட்டக்காரர், சமையல்காரர், டிரைவர் என்று எத்தனையோ பேருக்குச் சம்பளம் கிடைத்தது. பிறகு வந்தது போர், அதன் பிறகு மறதி. அவர்களுடைய ஏக்கத்தில் குறை காண எனக்கு உரிமை இல்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பவர் எரிந்த விளக்கை நினைக்காமல் வேறு எதை நினைப்பார்?

ஆனால் அந்த விளக்குக்குக் காசு கொடுத்தது யார் என்ற கணக்கைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. நாட்டின் செம்பும் வைரமும் விற்ற பணம் இந்த ஓர் ஊரில் வந்து குவிந்ததால், மற்ற ஊர்களில் பள்ளிக்கூடமும் சாலையும் என்ன ஆயின என்று எந்தச் சுவரும் சொல்வதில்லை. கட்டிடம் இடிந்தால் அந்தக் குற்றமும் மண்ணோடு போகும் என்று நினைத்தது என் தப்பு. குற்றம்தான் முதலில் மறக்கப்படுகிறது. அழகு கடைசிவரை நிற்கிறது. பாழடைந்த சுவரில் அஸ்தமன வெயில் பட்டால் புகைப்படம் இன்னும் நன்றாக வருகிறது.

இன்னொரு ஒப்பீடும் என்னை உறுத்தியது. மொபுட்டுவுக்கு முன் காங்கோவைச் சுரண்டியவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட். 1885லிருந்து 1908 வரை அந்த நாடு அவரது சொந்தச் சொத்து. ரப்பரும் தந்தமும் தந்த பணத்தில் அவர் பெல்ஜியத்தில் எழுப்பிய கட்டிடங்கள் இன்றும் பளபளக்கின்றன. பிரஸ்ஸல்ஸுக்கு அருகே டெர்வுரெனில் உள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகம் 6 கோடி யூரோவுக்கு மேல் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2018 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. காங்கோவின் பணத்தில் எழுந்தவைதான் இரண்டும். ஐரோப்பாவில் நிற்பது பாரம்பரியச் சின்னம், ஆப்பிரிக்காவில் இருப்பது வெறும் இடிபாடு. பழையபடி இரண்டு சொற்கள். மூத்தவர் இருந்திருந்தால் அடிக்கோடிட்டிருப்பார்.

டெர்வுரெனில் கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 1897ல் லியோபோல்ட் அங்கே ஒரு கண்காட்சி நடத்தினார். 267 காங்கோ மக்களைக் கப்பலில் கொண்டுவந்து காட்சிப் பொருளாக வைத்தார். அவர்களில் ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். அருங்காட்சியகத்தின் ஒரு சுவரில் காங்கோவில் இறந்த 1,500க்கும் மேற்பட்ட பெல்ஜியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கின்ஷாசாவைச் சேர்ந்த சிற்பி ஃப்ரெடி ட்சிம்பா, அதற்கு எதிரே உள்ள ஜன்னல்களில் அந்த ஏழு பேரின் பெயர்களை எழுதினார். வெயில் அடித்தால் ஏழு பெயர்களின் நிழலும் எதிர்ச் சுவரில் விழுகிறது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை. ஆனால் இனி யாரும் அந்தச் சுவரைப் பழையபடி படிக்க முடியாது.

எத்தியோப்பியாவிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. அடிஸ் அபாபாவில் மன்னர் மெனெலிக்கின் அரண்மனை வளாகத்தை 2019 அக்டோபரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மன்னர்களின் தர்பார் மண்டபத்தைப் பார்க்கலாம். அதன் அடித்தளத்தில், ஹெய்லி செலாசியைக் கவிழ்த்த ராணுவ ஆட்சி அவரது அதிகாரிகளை அடைத்து வைத்த இடத்தையும் பார்க்கலாம். மேலே சிம்மாசனம், கீழே சிறை.

உண்மையான வெர்சாயும் ஒரே நாளில் அருங்காட்சியகம் ஆகவில்லை. 1789ல் மன்னரை வெளியேற்றிய மக்கள், பிறகு அரண்மனையின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அந்த ஏலம் ஒரு வருடம் நடந்தது. கட்டிடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்சிகள் மாறின. 1837ல்தான் அது அருங்காட்சியகம் ஆனது. இடையில் 48 ஆண்டுகள். பாடோலிட்டேக்கு இன்னும் அத்தனை ஆண்டு ஆகவில்லை. ஆனால் பூமத்திய ரேகைப் பக்கத்து மழை, பாரிஸ் மழையைப் போலக் காத்திருக்காது.

காங்கோ நிலவரம் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். நாட்டின் கிழக்கே தீராத போர். 2025 ஜனவரியில் கோமா நகரமே கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போனது. இதில் சர்வாதிகாரியின் நீச்சல் குளத்தைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம்? கூரை போட ஒரு டாலர் இருந்தால் அது முதலில் பள்ளிக்கூடத்தின் கூரைக்குத்தான் போக வேண்டும். அரண்மனையைப் புதுப்பித்து மறுபடி சரவிளக்கு மாட்டினால் அது மொபுட்டுவுக்குக் கட்டும் கோயிலாகிவிடும்.

நான் கேட்பது அதுவல்ல. சுவர்களை அளந்து வரைபடம் எடுக்கலாம். எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கலாம். அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர், சமையல்காரர், கல் சுமந்தவர் இன்னும் சிலராவது உயிரோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்யலாம். வாசலில் ஒரு பலகை வைக்கலாம். அதில் கட்டியவர் பெயருக்குக் கீழே பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று எழுதலாம். சரவிளக்கின் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்தப் பணம் இருந்தது என்பதுதான் வேதனை. சுவிட்சர்லாந்து வங்கிகளில் மொபுட்டுவின் பெயரில் கடைசியில் அகப்பட்டது 77 லட்சம் ஃப்ராங்க். 500 கோடி டாலரில் ஒரு துளி. பன்னிரண்டு ஆண்டுகள் முடக்கி வைத்திருந்தார்கள். வழக்கை நடத்திக் கேட்டு வாங்கக் காங்கோ அரசு உரிய நேரத்தில் முனையவில்லை. 2009ல் அந்தத் தொகை மொபுட்டுவின் வாரிசுகளுக்கே போனது. லுமும்பாவின் குடும்பத்துக்கு 2022ல் பெல்ஜியம் திருப்பித் தந்தது ஒரு பல். அவர் உடலில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

எங்கள் இளம் சகாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் அந்த இடத்துல எழுதி வச்சிருக்காங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப போறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல முடியவில்லை. பாடோலிட்டே கோப்பை எடுத்து அவரிடம் கொடுத்தேன். மேலே இருந்தது 2004ன் பழைய பிரதி. மூத்தவரின் சிவப்புக் கோடு இன்னும் மங்கவில்லை. இரண்டு சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. ஊரின் பெயரில் முதல் எழுத்து அடிக்கப்பட்டிருக்கிறது. வாசகரின் வசதிக்காக அன்று பெயரில் ஒரு மெய்யை விட்டோம். தப்பில்லை, இலக்கணம் அனுமதிக்கிறது. அந்த ஊரின் கதையிலும் மெய்யை விட்டுவிட எந்த இலக்கணமும் அனுமதிக்காது.